மன்னிக்கச் சொல்வதற்கு நாம் யார்? – விசுவாசம், அநியாயம், மனித மாண்பு

நள்ளிரவு வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிறிஸ்தவக் குடும்பம், ஞாயிறு பள்ளியிலிருந்தே ஆலயத்தில் வளர்ந்தவள். விசுவாசத்தை விட்டுவிடலாமா என்று கேட்க இந்த இழையைத் தொடங்கவில்லை. எனக்கு இருப்பது வேறு சிக்கல்.

எங்கள் விடுதியில் ஒரு மாணவியின் மடிக்கணினி காணாமல் போனது. அந்த மாடியைச் சுத்தம் செய்யும் அக்காமேல் சந்தேகப்பட்டார்கள். விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை. வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் அவரை வாசலில் நிறுத்தி, போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க, பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். உடம்பையும் தடவிப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் வழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சில வாரம் கழித்து மடிக்கணினி கிடைத்தது. சொந்தக்காரியின் தோழி ஒருத்தி ஊருக்குப் போகும் அவசரத்தில் அதைத் தன்னுடையது என்று நினைத்து எடுத்துப் போயிருக்கிறாள். "சரி, அந்தம்மாவை வரச் சொல்லுங்கள்" என்று நிர்வாகம் ஒப்பந்தக்காரரிடம் சொன்னதோடு கதை முடிந்தது. அக்காவுக்கு அந்த மாதக் கூலி இன்னும் வரவில்லை.

அவரும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர். எங்கள் ஜெபக்குழுவில் அவருக்காக ஜெபம் நடந்தது. அப்புறம் குழுத்தலைவர் அவரைப் பார்த்து, "மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் அக்கா, மன்னித்துவிடுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார். அக்கா கோபப்படவில்லை. "மன்னிப்பு யார் தம்பி கேட்டாங்க?" என்று மட்டும் கேட்டார்.

இதற்கு எங்கள் குழுவில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. "தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்" என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தோம். அது உண்மை என்றால், அன்று வாசலில் நடந்ததை வெறும் நிர்வாகக் குளறுபடி என்று சொல்ல முடியாது. அப்படியானால் என் விசுவாசம் என்னிடம் என்ன கேட்கிறது? அவருக்கு ஆறுதல் சொல்லவா, அல்லது வேறு ஏதாவதா?

வேதம் மட்டும்:

சிஸ்டர், பதில் எளிது. மத்தேயு 18:22, ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும். ரோமர் 12:19, பழிவாங்குதல் கர்த்தருடையது. சிலுவையில் தொங்கியவரே "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்றார். அவரைவிட அதிகமாக யாருக்கு அநியாயம் நடந்தது? கசப்பு வேர்விட்டால் அந்தச் சகோதரிக்குத்தான் நஷ்டம். உங்கள் குழுத்தலைவர் சொன்னதில் தப்பில்லை.

பழைய ஊழியக்காரன்:

வேதம் மட்டும் பிரதருக்கு: சிலுவையில் "இவர்களுக்கு மன்னியும்" என்று சொன்னவர், அடிபட்டவர். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன் அவரிடம் போய், "ஆண்டவரே, இவர்களை மன்னித்துவிடும்" என்று புத்தி சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

நாற்பது வருஷம் பிரசங்கம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது நாங்கள் ஒரு பக்கத்தை மட்டுமே அதிகம் படிக்கிறோம். லூக்கா 17:3ஐப் பாருங்கள்: "உன் சகோதரன் உனக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்தால், அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக." முதலில் கடிந்துகொள்ளுதல், பிறகு மனஸ்தாபம், அதன் பிறகுதான் மன்னிப்பு. மனஸ்தாபம் வராவிட்டாலும் மன்னிக்கிற பெரிய மனசு சிலருக்கு உண்டு, அது அவர்கள் தரும் தானம். அதை வசூல் பண்ண நமக்கு ரசீதுப் புத்தகம் கொடுக்கப்படவில்லை.

மத்தேயு 5:23-24 இன்னும் நேரடி. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறார். யாரைப் போகச் சொல்கிறார்? காயப்பட்டவனை அல்ல. அம்மா, உங்கள் விடுதியில் இந்த வசனத்தைக் கேட்க வேண்டியவர்கள் நிர்வாகத்தில் இருக்கிறார்கள். அந்த அக்காவுக்கு அதைப் படித்துக் காட்டுவதில் என்ன பிரயோஜனம்?

கடவுள் இல்லாதவன்:

ஐயா அழகாகச் சொன்னீர்கள். ஆனால் அதே புத்தகத்தில் 1 பேதுரு 2:18 இருக்கிறதே. முரட்டுக்குணமுள்ள எஜமான்களுக்கும் கீழ்ப்படிந்திருங்கள் என்று வேலைக்காரர்களுக்கு எழுதியிருக்கிறது. 1807இல் லண்டனில் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்றே ஒரு சுருக்க வேதாகமம் அச்சிட்டார்கள். மோசே ஜனங்களை எகிப்திலிருந்து மீட்ட கதை அதில் கிடையாது. அடிமையும் சுயாதீனனும் ஒன்றே என்ற கலாத்தியர் வசனம் கிடையாது. "வேலைக்காரரே, கீழ்ப்படியுங்கள்" மட்டும் பத்திரமாக இருந்தது. உங்கள் குழுத்தலைவர் செய்ததும் அந்த வேலையின் சின்னப் பதிப்புதான்.

என் கேள்வி இது. அந்தப் பெண்ணுக்கு மரியாதை உண்டு என்று சொல்ல எதற்குக் கடவுள்? 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு, எல்லா மனிதர்களும் மாண்பிலும் உரிமையிலும் சமமாகப் பிறக்கிறார்கள் என்கிறது. அதில் கடவுள் இல்லை. தேவசாயல் என்பதைச் சேர்க்கலாம் என்று பிரேசில் கேட்டுப் பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா முன்வரைவில் ஆண்களை மட்டும் குறித்த சொல்லை மாற்றி 'எல்லா மனிதர்களும்' என்று ஆக்க வைத்தார். எந்த மதத்தாரும் மதமில்லாதவரும் சேர்ந்து கையெழுத்திடக்கூடிய வாக்கியம் அது. போதாதா?

நள்ளிரவு வாசகி:

போதும் அண்ணா, சட்டத்துக்குப் போதும். அந்த வாக்கியத்தில் கடவுள் இல்லாததில் எனக்கு வருத்தம் இல்லை. நீங்களும் நானும் அதன் கீழ் ஒன்றாக நிற்கலாம் என்பது நல்ல விஷயம்தான்.

எனக்குக் கடவுள் தேவைப்படுகிற இடம் வேறு. அக்காவுக்கு மாண்பு உண்டு என்று நிரூபிக்க அல்ல, எனக்குத் தப்பிக்க வழியில்லாமல் பண்ண. பிரகடனத்தைப் படித்துவிட்டு "அநியாயம்தான், நிர்வாகம் கவனிக்கட்டும்" என்று நான் தூங்கப் போக முடியும். தேவசாயல் என்றால் அப்படிப் போக முடியவில்லை. அன்று வாசலில் பையைக் கவிழ்த்தது யாருடைய பை என்ற கேள்வி வந்துவிடுகிறது. மத்தேயு 25இல், எளியவர் ஒருவருக்குச் செய்ததை "எனக்கே செய்தீர்கள்" என்று சொல்கிறவர் அங்கே நிற்கிறார்.

1 பேதுரு பற்றி என்னிடம் சுத்தமான பதில் இல்லை. அதை எழுதியவர் எஜமான்களின் கையில் தடி கொடுக்க எழுதவில்லை, அடிவாங்கிக்கொண்டிருந்த, தப்ப வழியில்லாத ஆட்களுக்கு எழுதினார் என்று விளக்குவார்கள். அதை ஓரளவு ஏற்கிறேன். ஆனால் அந்த வசனத்தைத் தடியாகப் பயன்படுத்திய நூற்றாண்டுகளும் நடந்தவைதானே.

வரலாற்றுப் பைத்தியம்:

இரண்டு பேருக்கும் இடையில் கொஞ்சம் நுழைகிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேவசாயல் என்ற வாக்கியத்துக்குப் பல் உண்டு என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் நீசா நகரத்து கிரகோரியார். நான்காம் நூற்றாண்டு ஆயர். பிரசங்கி 2ஆம் அதிகாரத்தில், வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் சம்பாதித்தேன் என்று அரசன் பெருமையடிக்கும் இடம் வருகிறது. அதற்கு விளக்கம் சொல்லும்போது கிரகோரியார் கொதிக்கிறார். கடவுளின் சாயலை வாங்கினாயா, என்ன விலை கொடுத்தாய், விற்றவன் யார் என்று அடுக்கடுக்காகக் கேட்கிறார். அடிமைகளை நன்றாக நடத்துங்கள் என்று சொன்னவர்கள் அந்தக் காலத்தில் பலர். அடிமை வைத்திருப்பதே கடவுள்மேல் கை வைப்பது என்று சொன்னவர்கள் அபூர்வம். அடிமை முறை அதற்குப் பிறகும் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் கிறிஸ்தவ நாடுகளில் சுகமாக நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாக்கியம் இருந்தது, படித்தார்கள், தாண்டிப் போனார்கள்.

எப்படித் தாண்டுகிறார்கள்? இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் தென்னாப்பிரிக்கா. 1857இல் அங்குள்ள டச்சு சீர்திருத்தச் சபையின் மன்றம் கூடியது. கறுப்பின விசுவாசிகளோடு ஒரே பந்தியில் நற்கருணை வாங்க வெள்ளையர் சிலர் மறுத்தார்கள். மன்றம் என்ன தீர்மானம் போட்டது தெரியுமா? எல்லோரும் ஒரே சபையாகக் கூடுவதுதான் வேதத்துக்கு ஏற்றது, விரும்பத்தக்கது. ஆனால் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனியாக நடத்திக்கொள்ளலாம். கவனியுங்கள், கொள்கையை யாரும் மறுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் போகலாம் என்றுதான் சொன்னார்கள். பொறுக்க வேண்டியிருந்தது யார், பொறுமை காட்டப்பட்டது யாருக்கு? 1881இல் தனிச் சபையே உருவாகிவிட்டது. அடுத்த நூற்றாண்டில் அதே பிரிவினை நிறவெறி ஆட்சியாக, நாட்டின் சட்டமானபோது, அதற்கு இறையியல் நியாயம் தயாராக இருந்தது. மேலே சொன்ன 1948 பிரகடனத்துக்கு வாக்களிக்காமல் ஒதுங்கிய 8 நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று.

அந்தத் தனிச் சபையிலிருந்துதான், ஒதுக்கப்பட்டவர்களிடமிருந்துதான், பெல்ஹார் அறிக்கை வந்தது. 1982இல் வரைவு, 1986இல் ஏற்பு. அநியாயம் நிறைந்த உலகில் கடவுள் ஏழைகள், ஒடுக்கப்பட்டவர்கள், அநியாயம் செய்யப்பட்டவர்கள் பக்கம் விசேஷமாக நிற்கிறார் என்று அதை விசுவாச அறிக்கையாகவே எழுதினார்கள். ஆகவே 'கடவுள் இல்லாதவன்' சொல்வதும் சரி, வாசகி சொல்வதும் சரி. ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள், அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு உடைத்தார்கள்.

வேதம் மட்டும்:

அரசியல் ஆக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். தென்னாப்பிரிக்காவிலேயே கடைசியில் மன்னிப்புதான் ஜெயித்தது. நிறவெறி ஆட்சி முடிந்ததும், அந்தக் காலக் குற்றங்களை விசாரிக்கப் பேராயர் டுட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைத்து மன்னிக்கவில்லையா?

வரலாற்றுப் பைத்தியம்:

அந்த ஆணையத்தின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள் பிரதர். அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுசாக வெளியே சொன்னால் பொதுமன்னிப்பு கிடைக்கும், வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வருஷம் ஆண்டுதோறும் நிதி தர வேண்டும் என்று ஆணையம் பரிந்துரை செய்தது. 2003இல் அரசாங்கம் கொடுத்தது ஒரே தடவை, தலைக்கு 30,000 ராண்ட். குற்றவாளிக்கு மன்னிப்பு முதலில் வந்துவிட்டது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு பின்னால் தள்ளாடி வந்தது. டுட்டுவே இந்தத் தாமதத்தை வெளிப்படையாகக் கண்டித்தவர். அந்த ஆணையத்தால் நல்லது நடக்கவில்லை என்று சொல்லவில்லை, மறைக்கப்பட்ட எத்தனையோ உண்மைகள் வெளியே வந்தன. "மன்னிப்பு ஜெயித்தது" என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பழைய ஊழியக்காரன்:

ஈடு என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணாகமம் 5:7இல், குற்றம் செய்தவன் அறிக்கையிட்டால் மட்டும் போதாது. முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தானோ அவனுக்கே கொடுக்க வேண்டும். வரி வசூலித்த சகேயுவை எல்லோருக்கும் தெரியும், மரத்தில் ஏறினதைத்தான் பிள்ளைகளுக்குப் பாட்டாகச் சொல்லிக் கொடுக்கிறோம். இறங்கி வந்து "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றானே, அதற்குப் பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார் இயேசு. பிடித்து வைத்த கூலியைப் பற்றி யாக்கோபு 5:4 சொல்வதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார்.

நள்ளிரவு வாசகி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு ஒரு பகுதி எனக்கு வேறுமாதிரி தெரிகிறது. அப்போஸ்தலர் 16.

பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரிக்காமல் எல்லோர் முன்னாலும் அடித்துச் சிறையில் போடுகிறார்கள். நடுராத்திரியில் பாட்டு, பூமியதிர்ச்சி, சிறைக்காரன் மனந்திரும்புதல், இவ்வளவும் எல்லாப் பிரசங்கத்திலும் வரும். மறுநாள் காலையில் நடந்ததைப் பற்றி நான் இதுவரை ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. அதிகாரிகள் ஆள் அனுப்பி, "போகலாம்" என்கிறார்கள். பவுல் போக மறுக்கிறார். "நியாயம் விசாரியாமல் ரோமராகிய எங்களை அவர்கள் வெளியரங்கமாய் அடித்து, சிறைச்சாலையிலே போட்டார்கள், இப்பொழுது இரகசியமாய் எங்களை விடுதலையாக்குகிறார்களோ? அப்படியல்ல, அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்."

முந்தின ராத்திரிதான் சிறைக்காரனோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், கசப்பே இல்லை. ஆனாலும் பின்வாசல் வழியாகப் போகச் சம்மதிக்கவில்லை. "சரி, வரச் சொல்லுங்கள்" என்று ஒப்பந்தக்காரரிடம் சொன்னார்களே, அது அச்சு அசல் பிலிப்பி அதிகாரிகள் அனுப்பிய செய்தி. அதனால் நான் நினைப்பது இது: அவமானம் வாசலில் நடந்தது, மன்னிப்பும் வாசலிலேயே கேட்கப்பட வேண்டும். நிர்வாகம் அக்காவை அழைத்து, எல்லோர் முன்னாலும் தவறு என்று சொல்ல வேண்டும். மாணவிகள் கையெழுத்து வாங்கி மனு கொடுக்கப் போகிறேன்.

கடவுள் இல்லாதவன்:

அந்தப் பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வார்த்தையைத் தாண்டிப் போகாதீர்கள், "ரோமராகிய எங்களை". பவுல் கேட்டதும் அதிகாரிகள் பயந்தது அவர் ரோமக் குடிமகன் என்பதால். குடியுரிமை இல்லாத ஒரு கூலிக்காரன் அதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் இன்னும் நாலு அடி விழுந்திருக்கும். உங்கள் அக்காவிடம் அந்தக் குடியுரிமை இல்லை.

நள்ளிரவு வாசகி:

இல்லைதான். என்னிடம் இருக்கிறது. என்னை வாசலில் நிறுத்தித் தடவிப் பார்க்க மாட்டார்கள், என் மனுவைக் குப்பையில் போடுவதும் அவ்வளவு சுலபமில்லை. அதைச் செலவழிக்கத்தான் நினைக்கிறேன்.

சங்கத்து அக்கா:

தங்கச்சி, இவ்வளவு நேரம் எல்லோரும் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்கிறவள் நான். வேதம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒன்று கேட்கிறேன், அந்தம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டீர்களா?

வாசலில் கூட்டம் கூட்டி மன்னிப்புக் கேட்கும் விழா நடத்தினால், அந்தம்மா மறுபடி ஒருமுறை அதே வாசலில், அத்தனை பேர் பார்க்க நிற்க வேண்டும். உங்களுக்கு அது நீதியாகத் தெரியும். அவருக்கு அது இரண்டாவது சோதனை மாதிரி இருந்தால்? பவுல் தானே கேட்டார், யாரும் அவருக்காக முடிவு பண்ணவில்லை. குழுத்தலைவர் அவருக்குப் பதிலாக மன்னிக்க முடிவு செய்தார், நீங்கள் அவருக்குப் பதிலாகப் போராட முடிவு செய்கிறீர்கள். உங்கள் மனசு நல்ல மனசு, அதில் சந்தேகமில்லை.

ஒப்பந்த வேலையில் இன்னொன்றும் உண்டு. நிர்வாகம் "அவர் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள்" என்று சொல்லும். ஒப்பந்தக்காரர் "நிர்வாகம் பணம் தரவில்லை" என்று சொல்வார். மனு கொடுத்த மாணவிக்கு ஒன்றும் ஆகாது, அந்தம்மாவைச் சத்தமில்லாமல் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். முதலில் போய் அவரிடம் பேசுங்கள்.

வேதம் மட்டும்:

சங்கத்து அக்கா சொல்வது சரியென்று படுகிறது. என் கருத்தில் பாதியை நான் இன்னும் விடவில்லை, கசப்போடு வாழ்வது யாருக்கும் நல்லதில்லை. ஆனால் கூலி பாக்கி இருக்கும்போது கசப்பைப் பற்றிப் பேசுவது முறையில்லை என்பதை ஏற்கிறேன்.

பழைய ஊழியக்காரன்:

அதுவே போதும் பிரதர். யோவான் 18:23ஐயும் ஒருமுறை படித்துப் பாருங்கள். சேவகன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு மறு கன்னத்தைக் காட்டவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். கேள்வி கேட்பது கசப்பு ஆகாது.

நெறியாளர்:

இழை நன்றாகப் போகிறது. யாரும் அந்த விடுதியின் பெயரையோ அந்த அம்மாவின் பெயரையோ ஊகித்து எழுத வேண்டாம். அப்படி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

நள்ளிரவு வாசகி:

நேற்று அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஜெபக்குழுவிலிருந்து இன்னொருத்தியும் வந்தாள்.

வாசலில் மன்னிப்பு என்று நான் ஆரம்பித்ததுமே, "ஐயோ, வேணாம்மா" என்றார். அந்த இடத்தில் மறுபடி நிற்கவே அவருக்கு விருப்பமில்லை. அவர் கேட்டது மூன்று. ஒன்று, பாக்கிக் கூலி. வேலையில்லாமல் போன நாட்களையும் சேர்த்து. இரண்டு, தன்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுத்தில் ஒரு கடிதம், ஏனென்றால் வேறு இடத்தில் வேலை கேட்டால் இந்தக் கதை முன்னால் போய் நிற்கிறது. மூன்றாவதுதான் நான் எதிர்பார்க்காதது: இனிமேல் யாரையும் இப்படிச் சோதிக்கக் கூடாது என்று விடுதியில் எழுதி ஒட்ட வேண்டுமாம். அவருக்கு அடுத்து அந்த மாடிக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு வயசு இருபதுகூட ஆகவில்லை என்று சொன்னார்.

மன்னிப்பது பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, "அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம், உங்க தலைவர் தம்பிகிட்ட சொல்லிடுங்க" என்றார். சொன்னேன். தலைவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மனுவில் முதல் கையெழுத்தாகத் தன் கையெழுத்தைப் போட்டார். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் பெருமளவு குறைந்துவிட்டது.

கடவுள் இல்லாதவன்:

அந்த மூன்றாவது கோரிக்கைக்கு என் வணக்கம். நோட்டீசில் என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்களா? "பணியாளர்களை" என்று மட்டும் போட்டால், ஒப்பந்தத் தொழிலாளர் பணியாளர் இல்லை என்று நழுவுவார்கள்.

சங்கத்து அக்கா:

சரியாகச் சொன்னார். "இந்த வளாகத்தில் வேலை செய்யும் யாரையும்" என்று எழுதச் சொல்லுங்கள். கடிதம் ஒப்பந்தக்காரர் தாளில் வேண்டாம், நிர்வாகத்தின் தாளில், தேதி, கையெழுத்து, முத்திரையோடு இருக்க வேண்டும். சோதனை நடந்தது, அது தவறு, பொருள் பிறகு கிடைத்தது, இந்த மூன்றும் அதில் வர வேண்டும். கூலி கொடுக்கும்போது "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கைநாட்டோ கையெழுத்தோ கேட்பார்கள். படித்துப் பார்க்காமல் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். அவர் விரும்பினால் பேசுவதற்கு நானே வருகிறேன், தனிச்செய்தியில் எழுதுங்கள்.

நள்ளிரவு வாசகி:

எழுதிக்கொண்டேன் அக்கா. திங்கட்கிழமை வார்டனைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறோம். எங்கள் விடுதி அக்காவும் எங்களோடு உள்ளே வருவதா, வெளியே இருப்பதா என்பதை அவரே சொல்வதாகச் சொன்னார். தனிச்செய்தி அனுப்புகிறேன்.